கல்லுக் கேட்ட கூட்டம்

1

இத்தாலிய அரசாங்கத்தைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் ஒரே பெயர்தான். கணவர் முகம்மது, நான் முகம்மது, மகளும் முகம்மது. வாப்பாவின், அதாவது தகப்பனின், முழுப்பெயரையும் முன்னால் போட்டுத் தன் பெயரைப் பின்னால் எழுதுகிற எங்கள் ஊர் வழக்கம் இங்குள்ள வதிவிட அனுமதி அலுவலகத்துக்குப் பிடிபடவில்லை. முன்னால் நிற்பதுதான் பெயர் என்று முடிவு செய்துவிட்டார்கள். "சிஞ்ஞோர் முகம்மது", திருவாளர் முகம்மது, என்று ஜன்னலில் கூப்பிட்டால் முக்காடு போட்ட நான் எழும்பிப் போவேன். உத்தியோகத்தர் தாளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் தாளைப் பார்ப்பார். கடைசியில் தாள்தான் சரி என்று எடுத்துக்கொள்வார்.

ஒருமுறை திருத்தித் தரும்படி கேட்டேன். நான் முகம்மது அல்ல, நஜிமா என்பதற்கு முகம்மதிடமிருந்து ஓர் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து எத்தனையோ வருஷமாகிவிட்டது என்றேன். அப்படியானால் அவர் நேரில் வரத் தேவையில்லை, ஒப்பம் மட்டும் போதும் என்றார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் பிறந்து வளர்ந்தவள் நான். இங்கே நேப்பிள்ஸ் பக்கத்தில் கடலோர ஊர் ஒன்றில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளிடம் "இன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு மீன்" என்று அறிவித்தேன். நான் சொல்ல நினைத்தது பீச் பழம். இத்தாலிய மொழியில் இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தவளுக்கு வாயில் முதலில் மீன்தானே வரும். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளில் சிலர், மீசை முளைத்த பிறகும், வழியில் கண்டால் "சிஞ்ஞோரா, மீன் இனிப்பா?" என்று கேட்கிறார்கள்.

நாங்கள் இருக்கிற ஊரின் நடுவில் ரோமானியர் கட்டிய வட்டரங்கு ஒன்று இருக்கிறது. பெரிய கிண்ணத்தைப் புதைத்து வைத்தது போல இருக்கும். சுற்றிவரப் படிப்படியாகக் கல் ஆசனங்கள், நடுவில் வெளி. அந்த வெளியில்தான் ஒரு காலத்தில் மனிதனை மனிதனும் மனிதனை மிருகமும் கொன்றதைச் சனம் பார்த்து ரசித்தது. வந்த முதல் வருஷங்களில் எனக்கு அது பஸ்ஸைத் திருப்புகிற இடம், அவ்வளவுதான். மகள் ஸஹ்லா பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கப் போய், வார இறுதிகளில் அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்த பிறகு, வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே அந்த அரங்கு வந்துவிட்டது.

மகள் மருந்தாளர் ஆகவேண்டும் என்பது என் கணவர் நஸாரின் ஆசை. "செத்தவங்கட விளையாட்டப் படிச்சி என்னத்தக் காணப்போற?" என்று கேட்பார். அவள் இத்தாலியனில் ஏதோ பதில் சொல்வாள். அது அவருக்கு விளங்காது. விளங்காததனால்தான் வீட்டில் அமைதி நிலவுகிறது.

2

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் பகுதியின் முன்னாள் எம்.பி. ஒருவர் இத்தாலிக்கு வருகிறார் என்று அவருடைய இணைப்பாளர் நஸாருக்கு அறிவித்தார். முன்னாள் என்று நான் எழுதுகிறேன். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒருமுறை எம்.பி. ஆனவர் மௌத்தாகும்வரை எம்.பி.தான். இவரை மட்டும் ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு ஹாஜியார் என்றும் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

போன தேர்தலில் தோற்றவர், அடுத்ததில் நிற்கப் போகிறவர். வருகைக்குக் காரணம் 'கற்கைச் சுற்றுலா'. எதைக் கற்கப் போகிறார் என்பதை இணைப்பாளர் சொல்லவில்லை.

நஸார் இரண்டு நாள் லீவு போட்டார். புது ஷேர்ட் வாங்கினார். "இஞ்ச பாருங்க, நீங்க கொத்து ரொட்டி செய்ங்க. அவர் இவங்கட சாப்பாடு தின்னமாட்டார்" என்று என்னிடம் உத்தரவு போட்டார்.

ஹாஜியாரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று சொல்ல முடியாது. அவருடைய குரலைத் தெரியும். எங்கள் ஊரில் தேர்தல் கூட்டம் என்றால் ஆண்களுக்குக் கதிரை, மேடைக்கு முன்னால். பெண்களுக்கு ஒரு பக்கம் படங்கு என்கிற கெட்டித் துணியைக் கட்டி மறைத்துப் பாய் விரித்திருப்பார்கள். அந்தப் படங்கில் ஓட்டை விழுந்த இடத்துக்குச் சண்டை நடக்கும். எங்களில் அக்காவை ராத்தா என்போம். என் ராத்தா ஸபியா கெட்டிக்காரி. கூட்டத்துக்கு வரும்போதே ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு வருவார். புதுப் படங்கில் தனக்கென்று ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு அதன் வழியாக அரசியலைப் பார்ப்பார்.

ராத்தா இன்றைக்கும் அதே கடற்கரையில்தான் இருக்கிறார். சுனாமிக்குப் பிறகு கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டிய வீடு. அப்போது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் தென்னைகள் நின்றன, தோணிகள் கிடந்தன, பிள்ளைகள் பந்தடிக்க ஒரு வெளி இருந்தது. பிறகு கடல் மெதுமெதுவாக வரத் தொடங்கியது. ஒவ்வொரு மாரிக்கும் ஒரு வரிசைத் தென்னை போயிற்று. இப்போது ராத்தா சமைக்கிற குசினியின் சுவரில் வெடிப்பு. அடுத்த மாரிக்கு அந்தச் சுவர் நிற்குமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கடல் எட்டாத சம்மாந்துறையில் இருக்கிற மருமகன் தங்களோடு வந்து இருக்கும்படி கூப்பிடுகிறார். ராத்தா போகமாட்டேன் என்கிறார்.

கரையோரம் பாறாங்கல் போட்டு அணை கட்டித் தரும்படி சனம் கேட்காத ஆள் இல்லை. ஹாஜியார் பதவியில் இருந்தபோது அவரே வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். பெயர் பொறித்த அழகான கல். அந்த அணைக்காகக் கடற்கரைக்கு வந்த ஒரே கல்லும் அதுதான். அடுத்த மாரியில் அதையும் கடல் கொண்டுபோய்விட்டது.

3

ஹாஜியார் கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, ஊர் பார்க்கவேண்டும் என்றார். நாங்கள் இருக்கிற ஊரில் பார்க்க வட்டரங்குதான் இருக்கிறது. ஸஹ்லா வழிகாட்ட, ஹாஜியார், இணைப்பாளர், நஸார், நான் என்று வரிசையாகப் போனோம்.

ஸஹ்லாவின் தமிழைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். அவளுக்குத் தமிழ் விளங்கும். பேசும்போது இத்தாலியரைப் போல எழுத்துகளை இழுப்பாள். வாசலைத் தாண்டியதும் கையை நீட்டி, "மாமா, இந்தப் படியெல்லாம் சாணம் நிறைஞ்சி இரிக்கும்" என்றாள்.

ஹாஜியார் சட்டென்று காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்தார். இணைப்பாளரும் பார்த்தார்.

"சனம் மகள், சனம்" என்றேன்.

"ஓம், சனம். அந்தக் காலத்தில" என்றாள் அவள். அவளுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அரசியலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"உள்ள வர டிக்கெட் இல்ல மாமா. எல்லாருக்கும் சும்மாதான்."

"அப்ப செலவு ஆர்ட?" என்று கேட்டார் ஹாஜியார்.

"தேர்தல்ல நிக்கிற ஆள், இல்லாட்டி வெண்ட ஆள். அவர்தான் விளையாட்டு வெச்சிக் குடுக்கிற. இன்னாரு விளையாட்டுத் தாறாரு எண்டு ஊர்ச் சுவரெல்லாம் பெயின்ட்ல எழுதுவாங்க. அவர்ட பேரு பெரிசா இரிக்கும்."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. தூர தேசத்தில் சொந்தக்காரனைக் கண்ட மனிதனின் முகம் அது. "எழுதிக்கங்க" என்றார் இணைப்பாளரிடம்.

ஸஹ்லா படிகளைக் காட்டினாள். முன்வரிசை பெரிய மனிதர்களுக்கு. அதற்குப் பின்னால் பணக்காரர். அதற்கும் பின்னால் சாதாரணச் சனம். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசிப் படியில், அடிமைகளும் பெண்களும்.

"நல்ல ஒழுங்கு" என்றார் ஹாஜியார்.

நான் அந்தக் கடைசிப் படியை அண்ணாந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் சண்டை பிடிக்கிறவன் ஈ அளவுதான் தெரிந்திருப்பான். ராத்தா அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். கல்லில் ஊசியால் ஓட்டை போட முடியாது.

"வெயிலுக்கு மேல பெரிய படங்கு இழுப்பாங்க. கப்பல்ல பாய் கட்டிற ஆக்கள்தான் அந்த வேலையச் செய்யிற. மறுகா சனத்துக்கு மேல வாசத் தண்ணி தெளிப்பாங்க."

"என்னத்துக்கு வாசத் தண்ணி?"

"ரத்த மணம் வரக்குடா எண்டு."

"அதயும் எழுதிக்கங்க" என்றார் ஹாஜியார்.

பிறகு விளையாட்டுக் கொடுத்தவர் உட்காருகிற இடத்துக்கு வந்தோம். மற்றப் படிகளிலிருந்து பிரிந்து, அரங்குக்கு நேர் முன்னால் இருக்கும் மேடை. ஹாஜியார் யாரும் சொல்லாமலே அதில் ஏறி நின்றார். இணைப்பாளர் போனை எடுத்தார். நஸார் ஷேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஹாஜியாருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்.

"ஆனா ஒண்டு மாமா" என்றாள் ஸஹ்லா. "இஞ்ச வந்த சனம் விளையாட்ட மட்டும் பாத்துட்டுப் போறல்ல. விளையாட்டுத் தாற பெரிய ஆள, ரோமால எண்டா ராசாவ, முகத்துக்கு நேர காணக் கிடைக்கிற இடம் அவங்களுக்கு இதுதான். அதால கூட்டமாச் சேந்து கத்துவாங்க. வரியக் குறை, கோதும வெலயக் குறை எண்டு. தனிய ஒராள் கத்தினாப் பிடிச்சிருவாங்க. எல்லாரும் சேந்து கத்தினா அவர் என்னமும் பதில் செல்லத்தான் வேணும். ஓடவும் ஏலா. எல்லாரும் பாத்துட்டு இரிக்காங்க."

"சேர், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. கைய உயத்துங்க. சனத்துக்குக் காட்டுற மாதிரி" என்றார் இணைப்பாளர்.

ஹாஜியார் வெறும் படிகளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கற்கைச் சுற்றுலா அத்துடன் நிறைவுபெற்றது. ஸஹ்லா சொன்ன கடைசி விஷயத்தை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

4

சில மாதங்களில் சாய்ந்தமருதுச் சுவர்களில் பெயின்ட் எழுத்துகள் முளைத்தன. ஹாஜியார் வெற்றிக் கிண்ணத்துக்கான மாபெரும் உதைபந்தாட்டப் போட்டி. கிண்ணத்தின் பெயர் சின்னதாகவும் கொடுப்பவர் பெயர் பெரிதாகவும் இருந்தது. ராத்தா போனில் படம் பிடித்து அனுப்பினார். எங்கள் பழைய வீட்டு மதிலிலும் எழுதியிருந்தார்கள்.

இறுதி ஆட்டம் கடற்கரை வெளியில். இடம் அங்கேதான் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வெளியில் பாதியைக் கடல் எடுத்துவிட்டது. கோணர் உதைக்கிற இடத்தில் அலை வந்து போகும். பந்து கடலில் விழுந்தால் நீந்தி எடுத்து வர இரண்டு பேரை வைத்திருந்தார்களாம். அவர்களுக்கும் ஹாஜியார் படம் போட்ட பெனியன்.

பிரதம அதிதி கொழும்பிலிருந்து வந்த அமைச்சர். தமிழ் தெரியாதவர். ஹாஜியாருக்கு அடுத்த தேர்தலில் இடம் கொடுக்கவேண்டியவர் அவர்தான். ஆகவே அன்றைய கூட்டம் சனத்துக்கு அமைச்சரைக் காட்டுவதற்கு அல்ல, அமைச்சருக்குச் சனத்தைக் காட்டுவதற்கு. மாவடிப்பள்ளியிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் பஸ் போட்டு ஆட்களை இறக்கினார்கள்.

மேடைக்கும் முன்வரிசைக்கும் மேலாகத் தோணிக்காரர்களைக் கொண்டு பெரிய படங்கு இழுத்திருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் வானம். முன்வரிசையில் சோபா, இரண்டாம் வரிசையில் துணி போட்ட கதிரை, அதற்குப் பின்னால் வெறும் பிளாஸ்டிக் கதிரை, பிறகு மணல். பெண்களுக்குக் கடலை ஒட்டின ஓரத்தில், மறைப்புக் கட்டிப் பாய். ஈரப் பாய்.

வாசத் தண்ணியையும் ஹாஜியார் மறக்கவில்லை. பன்னீர் தெளிக்க வேண்டும் என்று உத்தரவு. அவ்வளவு சனத்துக்கும் பன்னீர்ச் செம்பால் தெளித்து முடியுமா? இணைப்பாளர் வயல்காரர்களிடம் நெல்லுக்கு மருந்தடிக்கிற டாங்கிகளை வாங்கி, பன்னீரை ஊற்றி, இளைஞர்களின் முதுகில் மாட்டிவிட்டார். கழுவினார்களா என்று யாருக்கும் தெரியாது.

"பன்னீர் வாசமும் வந்த, புல்லுக்கு அடிக்கிற மருந்து வாசமும் வந்த" என்றார் ராத்தா. "பக்கத்தில இருந்த புள்ள தும்மத் தொடங்கிட்டு. நாங்க முக்காட்ட மூக்கில பொத்திட்டு இருந்தம்."

இடைவேளையில் ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். அமைச்சருக்குத் தன் செல்வாக்கைக் காட்டவேண்டிய நேரம். சனத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "நீங்கதான் வேணும்" என்று கத்துவதற்கு முன்பக்கத்தில் இளைஞர்களைத் தயார்படுத்தியிருந்தார்கள். அவர்கள் கத்தினார்கள். ஹாஜியாருக்கு அது போதவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "கேக்கல்ல. இந்த ஊருக்கு என்ன வேணும்?" என்று மறுபடியும் கேட்டார்.

அந்த நேரம் பெரிய அலை ஒன்று வந்து பெண்கள் இருந்த பாயை நனைத்துவிட்டுப் போனது. எழும்பி நின்ற ராத்தா உடுத்த சேலையைப் பிழிந்துகொண்டே, "கல்லு" என்றார்.

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, "ஓம், கல்லு வேணும்" என்றாள். இன்னொருத்தி சொன்னாள். மறைப்புக்குள் இருந்த எல்லோரும் சேர்ந்து "கல்லு, கல்லு" என்று சொல்லத் தொடங்கினார்கள். மறைப்புக்கு வெளியே மணலில் இருந்த தோணிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் கதிரைகளுக்கும் அது பரவியது. நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களுக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் கத்துவதற்காகத்தானே கொண்டுவந்தார்கள், அவர்களும் கத்தினார்கள். கையைத் தட்டி, கதிரையைத் தட்டி, தாளம் பிசகாமல்: கல்லு, கல்லு, கல்லு.

அமைச்சர் ஹாஜியாரிடம் குனிந்து என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தார். ஹாஜியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உங்களை வரவேற்கிறார்கள் என்றார்.

சிங்களத்திலும் கல்லுக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான். அமைச்சருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அன்றைக்கு அதுவாகப் போயிற்று. ஆயிரக்கணக்கான வாய்கள் தன்னைப் பார்த்துக் கல், கல் என்று கத்துகின்றன. பக்கத்தில் இருக்கிற கூட்டாளி அதை வரவேற்பு என்கிறான். பாதுகாவலர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஒருவர் அமைச்சரின் தலைக்கு மேல் பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்துப் பிடித்தார். மற்றவர்கள் இரண்டு பக்கமும் தாங்கி வாகனத்தில் ஏற்றினார்கள். கிண்ணம் மேசையில் இருக்க, வாகனம் கல்முனைப் பக்கம் பறந்தது. படங்குக்குக் கீழே ஹாஜியார் தனியாக நின்றார்.

இரண்டாம் பாதி ஆட்டம் நடந்ததாம். யார் வென்றது என்று ராத்தாவுக்குத் தெரியாது.

5

மறுநாள் ஒரு இணையச் செய்தியில் 'அமைச்சர் மீது கல்வீச்சு முயற்சி' என்று வந்தது. அதை நஸார்தான் முதலில் பார்த்தார். "உங்கட ராத்தா இப்ப நம்மளயும் மாட்டிவிடப்போறா. நம்ம ஹாஜியாரோட போட்டோ எடுத்திரிக்கம்" என்றார். முகப்புத்தகத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தை அன்றைக்கே கழற்றிவிட்டார்.

ராத்தாவைப் பற்றி எனக்கும் பயம்தான். கல்லு என்ற சொல்லை முதலில் சொன்னது அவர். அன்று கூட்டத்தில் எத்தனை போன்கள் வீடியோ எடுத்தனவோ. பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றுகொண்டு, வெங்காயம் வெட்டிக்கொண்டு, கடல் கடந்த அச்சம் ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்பதை வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சோற்றில் உப்பு இல்லை என்று புகார் வந்தது.

விசாரணைக்குப் பொலிஸார் வந்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு சார்ஜனும் இன்னும் இருவரும். ராத்தா முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்துத் தேத்தண்ணீர் ஊற்றினாராம். பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன்.

"நீங்கதானா கல்லு எண்டு கத்தின?" என்று கேட்டிருக்கிறார் சார்ஜன்.

"நான்தான். ஆனா நான் மட்டும் இல்ல."

"அப்ப கல்லெல்லாம் எங்க?"

"அதத்தானே சேர் நாங்களும் கேக்கிறம்" என்றிருக்கிறார் ராத்தா.

சார்ஜன் எழும்பிக் கடற்கரைக்குப் போனார். எறிவதற்குச் சேர்த்து வைத்த கல் ஏதும் இருக்கிறதா என்று கரை நெடுகத் தேடினார்கள். மணலும் வேரோடு சாய்ந்த தென்னையும் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது ராத்தாவின் குசினிச் சுவர் வெடிப்பில் சார்ஜன் கையை விட்டுப் பார்த்தார். கை முழங்கை வரை போனது. "மாரிக்கு இதுக்குள்ள இரிக்காதீங்க உம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அறிக்கையில் அவர் உண்மையைத்தான் எழுதினார். மேற்படி கடற்கரையில் கல் எதுவும் இல்லை என்று. பெண்கள் மீது குற்றமும் இல்லை.

மீனவர் சங்கத் தலைவர் அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு கரையோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனார். இவ்வளவு காலமும் அவர்கள், இந்தப் பகுதியில் அணை போட்டதாகத் தங்கள் கோப்பில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடிக்கல் நாட்டியதை அணை கட்டியதாக யாரோ எழுதிவைத்த கோலம். இப்போது ஒரு அரசாங்கக் காகிதம் கல் இருக்கிறது என்கிறது, இன்னொரு அரசாங்கக் காகிதம் இல்லை என்கிறது. சனம் சொன்னால் நம்பத் தேவையில்லை. காகிதம் சொன்னால் என்ன செய்வது? பொறியியலாளர் ஒருவரை அனுப்பினார்கள். இரண்டு காகிதங்களுக்கு இடையே இருந்த சண்டையைத் தீர்க்க வந்தவர் கடலையும் பார்த்துவிட்டுப் போனார்.

முகம்மதா நஜிமாவா என்று தீர்மானிக்க இப்படி ஒரு சார்ஜனை இங்கேயும் அனுப்பினால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

6

ஸஹ்லா ஊருக்குக் கதைப்பதில்லை. பெருநாளைக்குப் போனைக் கையில் திணித்தால் ஸலாம் சொல்லிவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிடுவாள். எட்டு வயதில் ஒருமுறை ஊருக்குப் போனவளுக்கு, அங்கே எல்லோரும் தன் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள் என்ற கோபம் இன்னும் போகவில்லை.

நடந்ததையெல்லாம் நான் சொன்னபோது அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். பிறகு அவளாகவே ராத்தாவின் நம்பரைக் கேட்டாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள். நான் கதவுக்கு வெளியே துணி மடிக்கிற பாவனையில் நின்றேன்.

"பெரியும்மா, ஆரு உங்களுக்கு அப்பிடிக் கத்தச் சென்ன?"

ராத்தாவின் குரல் சத்தமாகக் கேட்டது. "ஆரும் செல்லல்ல கிளி. பாய் நனஞ்ச. அவர் கேட்டார். நான் சென்னன்."

"பயமில்லயா?"

"எல்லாரும் கத்திக்குள்ள என்ன பயம்?"

"ரோமால சாணமும் அப்பிடித்தான் பெரியும்மா" என்றாள் ஸஹ்லா.

"அங்க மாடெல்லாம் கத்துமா மகள்?" என்று கேட்டார் ராத்தா.

நான் உள்ளே போய்த் திருத்தலாமா என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், ராத்தாவும் சிரித்தார். திருத்தாமல் வந்துவிட்டேன். இரண்டு பேரும் அன்றைக்கு நிறைய நேரம் கதைத்தார்கள். பெரும்பகுதி விளங்கியிருக்காது, ஆனாலும் கதைத்தார்கள்.

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்பு கல் வந்தது. டிப்பர் டிப்பராகக் கறுப்புப் பாறாங்கல். ஊர் முழுவதற்கும் இல்லை, ராத்தாவின் வீட்டுப் பக்கமாகக் கொஞ்சத் தூரத்துக்கு. மற்றப் பக்கத்துக்குப் பிறகு வருமாம். கல் இறங்கிய மறுநாளே அதன் மேல் ஒரு பலகை நட்டார்கள். அதில் ஹாஜியார் எங்கள் வட்டரங்கின் மேடையில் கையை உயர்த்தி நிற்கிறார். 'சொன்னதைச் செய்தவர்' என்று கீழே எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற நஸாரை வெட்டிவிட்டார்கள். அவருடைய புது ஷேர்ட்டின் தோள் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. பலகையின் படத்தை நஸார் அடிக்கடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

இந்த வருஷ மாரி கடுமையாக இருந்தது. வடக்கே கல் இல்லாத பக்கத்தில் இரண்டு வீட்டு மதில்கள் விழுந்தன. அங்கிருந்த சனம் இப்போது உறவினர் வீடுகளில் இருக்கிறது. ராத்தாவின் குசினிச் சுவர் நின்றது. வெடிப்பைச் சீமெந்து பூசி அடைத்துவிட்டார். சம்மாந்துறை மருமகன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நேற்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ராத்தா எடுத்தார். பின்னால் ஏதோ இடிப்பது போன்ற சத்தம், விட்டுவிட்டு.

"என்ன ராத்தா, வீடு கட்றாங்களா?"

"கடல்தான். முந்தி மண்ணில வந்து பேசாமப் போற. இப்ப கல்லில வந்து மோதுது. சுவர் நிக்கிது, அல்ஹம்துலில்லாஹ். ஆனா டீவீல ஒண்டும் கேக்குதில்ல."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"வடக்குப் பக்கத்துக்கும் கல்லு வரட்டும்" என்றார். "அதுக்குப் பிறகு சத்தத்தப் பத்திக் கேப்பம்."